வளைய ஏரியலும் அதன் செவிட்டுத் திசையும்

வானொலிக் கருவியை வாங்குவோரும் அதைச் செப்பனிடுவோரும் ஏரியலைப் பற்றிப் பேசும்பொழுது, அது எவ்வளவு ஒலியைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். மாடியின்மேல் நீளமாக இழுத்துக் கட்டிய கம்பியைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வியே. ஆனால் மரச்சட்டம் ஒன்றில் ஏழெட்டுச் சுற்றுக் கம்பியைச் சுற்றி, இரு முனைகளையும் ஒரு கேங் கண்டென்சரோடு இணைத்து, அறையின் மூலையில் நிறுத்திவைக்கும் சிறு வளைய ஏரியலை அக்கேள்வியால் அளந்தால், அது முதல் பரீக்ஷையிலேயே தோற்றுப்போகும். எதைக் கேளாமலிருக்க வல்லது என்பதைக் கொண்டே அதன் யோக்கியதையை நிர்ணயிக்கவேண்டும் என்பதும், அதன் குறைகளிற் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

சுற்றளவு, ஏற்கவேண்டிய அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத வளையத்தையே சிறு வளையம் என்பார்கள். மத்திய அலை வரிசையின் நடுவில், 1,000 கிலோஹெர்ட்ஸில், அலையின் நீளம் 300 மீட்டர். பக்கத்துக்கு ஒரு மீட்டராகச் செய்த சதுரச் சட்டம் அதன் முன் அற்பமானது. நிலையத்திலிருந்து வரும் அலை சட்டத்தின் விளிம்பை நோக்கி வருமானால், முன்னே நிற்கும் செங்குத்துப் பக்கத்தை முதலிலும் பின்னே நிற்கும் பக்கத்தைச் சற்றுப் பின்னரும் அது தீண்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசம், முழு அலைவாகிய 360 பாகையில் ஒரு பாகைக்குச் சற்று அதிகமே என்றாலும், இரு பக்கங்களிலும் எழும் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று முற்றிலும் அழித்துக்கொள்ள இயலாமல் எஞ்சும் அந்தச் சொற்ப மீதியே நம் கருவிக்குக் கிடைக்கும் சமிக்ஞை. சட்டத்தைத் திருப்பி, அலை அதன் முகத்துக்கு நேரே வரும்படி நிறுத்தினாலோ, இரு பக்கங்களும் ஒரே க்ஷணத்தில் தீண்டப்படுகின்றன, மீதி ஏதுமில்லை, நிலையம் மௌனமாகிறது.

இந்த மீதி எவ்வளவு சிறியதென்றால், மேற்சொன்ன சட்டத்தில் ஒரு சுற்று மட்டும் இருக்குமானால், அது ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் கம்பி பெறும் அளவையே பெறும். பத்துச் சுற்று இருந்தால் இருபது சென்டிமீட்டர். கண்டென்சரைத் திருப்பி வளையத்தை நிலையத்தின் அதிர்வெண்ணுக்கு இசைவிக்கும்பொழுது இது பல மடங்கு பெருகும் என்பது உண்மையே. எனினும் இவ்வளவு சொற்பமான வரும்படியைக் கொண்டு எவ்வாறு காலம் தள்ளமுடிகிறது என்ற ஐயம் எழலாம். மத்திய அலையில் வானத்திலிருந்தே வந்து சேரும் இடி மின்னல் இரைச்சல், கருவிக்குள் பிறக்கும் இரைச்சலைவிடப் பெரிது. ஏரியல் சிறுத்தால் நிலையமும் இரைச்சலும் ஒரே விகிதத்தில் குறைகின்றனவேயன்றி, ஒன்றுக்கு மற்றொன்றுள்ள விகிதம் கெடுவதில்லை. குறைந்ததைக் கருவியின் பெருக்கம் ஈடுசெய்துவிடுகிறது. ஒலிபரப்புவோருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதே ஒற்றைச் சுற்று வளையத்தின் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமில் பத்து லட்சத்தில் நான்கு பங்கே ஆகையால், ஊட்டிய சக்தி ஏறக்குறைய முழுவதும் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிந்துபோகும்.

திசைக்கு வருவோம். ஒலி உச்சமாகக் கேட்கும் நிலையிலிருந்து சட்டத்தை முப்பது பாகை திருப்பினாலும் சமிக்ஞை நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான் குறையும்; காது அதைக் கவனிப்பதுகூட அரிது. மௌன நிலைக்கு அருகிலோ, இரண்டு மூன்று பாகை பிசகினாலே நிலையம் மீண்டும் தலைகாட்டிவிடும். ஆகவேதான் திசை காண்போர் எப்பொழுதும் மௌனத்தையே தேடினார்கள். பெல்லினி, டோஸி என்ற இத்தாலியர் இருவர் 1907-ல், அசையாத இரு வளையங்களைக் குறுக்காக நிறுத்தி, உள்ளேயிருக்கும் சிறு சுருள் ஒன்றைத் திருப்புவதன் மூலமே திசை காணும் முறையை வகுத்தார்கள். 1916 மே மாத இறுதியில், ஜட்லாந்துக் கடற்போருக்குச் சற்று முன்பு, ஹென்றி ரவுண்ட் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் இருந்த ஆங்கிலேய நிலையங்கள், ஜெர்மானியக் கப்பலொன்றின் திசை ஒன்றரைப் பாகையளவு மாறியதைக் கண்டு அதன் நகர்வை ஊகித்தது இவ்வகைக் கருவிகளைக் கொண்டுதான்.

ஆயினும் மௌனம் ஒன்றல்ல, இரண்டு; வளையத்துக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. திருச்சியிலிருந்து பார்த்தால் சென்னையும் மதுரையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் எதிரெதிர்த் திசைகளில் இருப்பதால், அங்கே வைத்த வளையம் ஒன்றைக் கொண்டு மட்டும், கேட்பது வடகிழக்கிலுள்ள நிலையமா தென்மேற்கிலுள்ள நிலையமா என்று யாராலும் கூறமுடியாது. செங்குத்துக் கம்பி ஒன்றைத் துணை ஏரியலாகச் சேர்த்து இதற்குப் பரிகாரம் கண்டிருக்கிறார்கள். இது சிறிய ஆக்ஷேபம்.

பெரிய ஆக்ஷேபம் சூரியன் மறைந்தபின் வருகிறது. பகலில் அலை தரையோடு வருகையில் சட்டத்தின் செங்குத்துப் பக்கங்கள் மட்டுமே வேலை செய்கின்றன. இரவில் அயனமண்டலத்தில் பட்டு மேலிருந்து சாய்வாக இறங்கும் அலையோ, திசை திரும்பிய தன் மின்புலத்தால் மேல் கீழ்ப் பக்கங்களிலும் மின்னோட்டத்தை எழுப்பி, மௌனத்தை மங்கச் செய்கிறது அல்லது வேறிடத்துக்கு நகர்த்திவிடுகிறது. கிடைப் பக்கங்களை ஒழித்துச் செங்குத்துக் கம்பிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பிராங்க் ஆட்காக் 1919-ல் காட்டியது இந்த நோய்க்குத்தான். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு தூர நிலையங்கள் மோதிக்கொள்வது இரவில்தான். ஒன்றை அடக்கி மற்றொன்றைக் கேட்க வளையம் மிகத் தேவைப்படுவதும் அப்பொழுதுதான். அது தடுமாறுவதும் அப்பொழுதே. இரவு மட்டுமன்றி, அதிர்வெண் பொருந்தாவிட்டாலும் மௌனம் கைகொடாது. 1937 ஜூலை 2-ல் ஹௌலண்டு தீவைத் தேடிப் பறந்த விமானி அமீலியா இயர்ஹார்ட், தாமே கேட்டுப் பெற்ற 7,500 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை காதில் விழுந்தும் மௌன நிலையைக் காண முடியவில்லை என்று இட்டாஸ்கா கப்பலுக்குத் தெரிவித்தார். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்கு அவருடைய வளைய அமைப்பு ஏற்றதன்று என்பது பின்னர் ஆராய்ந்தவர் பலருடைய கருத்து. நிலையம் கேட்கிறது என்பதனாலேயே திசையும் கிடைக்கும் என்று நம்பலாகாது.

வீட்டு இரைச்சலை வளையம் ஒழிக்கும் என்ற புகழ்ச்சியில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். வளையம் காந்தப் புலத்தையே உணர்கிறது, அருகிலுள்ள இரைச்சலோ பெரும்பாலும் மின்புலம், ஆகவே இரைச்சல் தானே ஒழிந்துவிடும் என்பது வியாபாரிகள் விரும்பிச் சொல்லும் தர்க்கம். எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் இரண்டு புலங்களையும் எழுப்புகின்றன. அவற்றின் இரைச்சல் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகள் முழுவதிலும் பரவி எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும்பொழுது, ஒரு திசைக்கு மட்டும் செவிடாகும் கருவி என்ன செய்யும்? வளையத்தை உலோக உறையால் மூடுவதும் மின்புலத்தை வடிகட்டும் மந்திரமன்று. அதன் மெய்யான பயன் இரு பாதிகளையும் சமநிலையில் வைத்து, வளையம் முழுதும் வெறும் செங்குத்துக் கம்பிபோல் நடந்துகொள்வதைத் தடுப்பதே. உறையில்லாமலேயே அந்தச் சமநிலையைக் கவனமான அமைப்பால் பெறமுடியும். இவற்றைவிட, ஏரியலைச் சுவரிலிருந்து நாலு முழம் தள்ளி வைக்கமுடிகிறதே, அது பெரிய லாபம்.

இசைவித்த வளையத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. இசைவின் கூர்மையைக் குறிக்கும் அதன் தரக்காரணி 200 ஆயின், 600 கிலோஹெர்ட்ஸில் அது திறந்துவிடும் வாசல் மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலமே. பேச்சு புரியும், ஆனால் நாகஸ்வரத்தின் கூர்மை மழுங்கிப்போகும். நிலையம் மாற்றும் ஒவ்வொரு முறையும் கண்டென்சரையும் திருப்பவேண்டும். பெருக்கியுடன் விற்கப்படும் அகன்ற வரிசை வளையங்களில் இவ்விரு தொல்லையும் இல்லை. பதிலுக்கு, அருகிலுள்ள வலிய நிலையங்களெல்லாம் ஒருசேர உள்ளே புகுந்து பெருக்கியைத் திணறடிக்கின்றன. மத்திய அலை மட்டும் கேட்பவருக்கு, கம்பித் தொடர்பே இல்லாமல் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினாலே வேலை செய்யும் எளிய மரச்சட்டம்தான் உத்தமம் என்பேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டிரான்சிஸ்டரின் உள்ளேயிருக்கும் பெரைட் தண்டும் சுற்றி அடக்கிய ஒரு சிறு வளையமே. ஆகவே தொல்லை தரும் இரைச்சல் கேட்கும்பொழுது பெட்டியைக் கையிலெடுத்து மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். ஏதேனும் ஒரு நிலையில் இரைச்சல் தெளிவாக அடங்கினால் பெரிய வளையம் உங்களுக்குப் பயன்படும். எப்பக்கமும் அடங்கவில்லையானால், சட்டத்துக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்திவிட்டு, முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.