டி2 ஏன் காலியாக இருக்கிறது

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பும் கோவையில் வியாபாரமுமாக இருக்கும் நண்பர் ஒருவர், தன் காரின் மைலேஜை எக்செல் தாளில் எழுதி வருகிறார். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் கிலோமீட்டர் ரீடிங், சி-யில் பங்கில் போட்ட லிட்டர், டி-யில் அந்த முறைக்கான மைலேஜ், இ-யில் தொடக்கத்திலிருந்து இன்றுவரையான மைலேஜ், கடைசியில் குறிப்பு. கிராஃப் இல்லை, வண்ணம் இல்லை. 'வண்டி எவ்வளவுங்க குடுக்குது?' என்று யாராவது கேட்டால் போனில் தாளைத் திறந்து இ-யின் கடைசி எண்ணைச் சொல்வார். அந்தத் தாளில் எனக்கு முதலில் பிடித்தது காலியாக இருக்கும் ஒரு கட்டம்: டி2.

தலைப்பு முதல் வரிசையில். இரண்டாவது வரிசையில்தான் முதல் டேங்க் ஃபுல். ரீடிங் 41,210, பெட்ரோல் 30.10 லிட்டர், மைலேஜ் வெற்று. காரணம் எளிது. அன்று போட்ட 30.10 லிட்டர், கணக்கு தொடங்கும் முன்பே ஓடித் தீர்த்த தூரத்துக்கான ஈடு. அந்தத் தூரம் நமக்குத் தெரியாது. அந்த லிட்டர் எதையும் அளக்கவில்லை. டேங்கை விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தியது, அவ்வளவுதான். படியைத் தலைதட்டி அளப்பதைப் போல, நாசில் 'டக்' என்று தானே நிற்கும் இடம்தான் இங்கே அளவு. டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று யாரும் அறிய வேண்டியதில்லை. சென்ற முறை எங்கே நின்றதோ இந்த முறையும் அங்கே நின்றால் போதும். இடையில் எரிந்தது இப்போது உள்ளே போனதுதான்.

அதனால் டி3-இல் கணக்கு: =(பி3-பி2)/சி3. அடுத்த ரீடிங் 41,742. ஓடியது 532 கிலோமீட்டர், போட்டது 28.64 லிட்டர், வருவது 18.6. கழித்தலில் இரண்டு வரிசைகள் வருகின்றன, வகுத்தலில் ஒன்றுதான். பங்கில் நின்றது இரண்டு முறை என்றாலும் இடையில் ஓடிய தூரம் ஒன்றே என்ற செய்தி அதற்குள் அடக்கம்.

இ நெடுவரிசையில் அதே செய்தி இன்னும் அழகாக வருகிறது: =(பி3-பி$2)/சம்(சி$3:சி3). கிலோமீட்டர் இரண்டாம் வரிசையில் தொடங்குகிறது, லிட்டர் மூன்றாம் வரிசையில். எக்செல் பழகிய பலரும் இரண்டையும் 2 என்றே போட்டுவிடுவார்கள். போட்டால் என்ன ஆகும்? முதல் விடையே 9 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பழைய ரீடிங்குகளை மொத்தமாக ஏற்றிவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. நாற்பது டேங்குக்குப் பிறகு 18.6 வர வேண்டிய இடத்தில் 18.1 நிற்கும். நம்பத்தக்க எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தப்பு வயதாக வயதாகக் கண்ணியமாகிவிடும் வகை இது.

அந்த டாலர் குறி தனியாக ரசிக்க வேண்டியது. கட்டத்தை இழுத்துக் கீழே விட்டால் பி3 பி4 ஆகிறது, சி3 சி4 ஆகிறது. டாலர் போட்ட எண்கள் மட்டும் அசைவதில்லை. சி$3:சி3 அடுத்த வரியில் சி$3:சி4, ஐம்பதாவது வரிசையில் சி$3:சி50. ஒரு முனையை ஊன்றிவிட்டு மறுமுனையை ஓடவிடும் கூட்டல். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்க்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள், சூத்திரத்தை நகலெடுக்கும்போதெல்லாம் எந்த முகவரி நகர வேண்டும், எது நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். 1983-இன் லோட்டஸ் 1-2-3-இல் அந்தப் பதிலைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவைக்க டாலர் இருந்தது. ஒருமுறை முடிவெடுத்தால் போதும்.

நண்பர் ஓர் இடத்தில் என்னை மடக்கினார். பங்குக்கு பங்கு ஆட்டோ கட் மாறுமே, அரை லிட்டர் முன்னே பின்னே நின்றால்? டி-யில் தெரியும். அரை லிட்டர் குறைவாக நின்றால் 18.6 என்பது 18.9 ஆகும். ஆனால் குறைந்த அந்த அரை லிட்டரை டேங்க் அடுத்த முறை கேட்டு வாங்கிக்கொள்ளும், அப்போது டி இறங்கும். இ-யில் கூட்டல்தான் நடக்கிறது என்பதால் இந்த ஏற்ற இறக்கம் தனக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. நடுவில் நடந்த எந்தப் பிசகும் மிஞ்சாது. முதல் ஃபுல்லும் கடைசி ஃபுல்லும் மட்டுமே பொறுப்பு. ஐம்பது டேங்க், சுமார் 1,500 லிட்டர் என்றால் அரை லிட்டர் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அவசரத்தில் 'ஆயிரத்துக்குப் போடுங்க' என்று போட்ட நாளையும் இ தாங்கிக்கொள்ளும். லிட்டரை எழுதிவிட்டு, அடுத்த ஃபுல் வரை அந்த எண்ணை நம்பாமல் இருந்தால் சரி. டி அப்படித் தாங்காது. ரூபாயை எழுதாமல் லிட்டரை எழுதியதும் நல்ல முடிவு. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறக்கூடியது.

டி-யை எல்லாம் கூட்டி ஆவரேஜ் போட்டால் ஆகாதா என்றால், ஆகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஏறும்போது 10, இறங்கும்போது 30 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20 என்று வாய் சொல்லும். ஏற 5 லிட்டர், இறங்க 1.67 லிட்டர், ஆக 100 கிலோமீட்டருக்கு 6.67. உண்மை 15. ஏற்றத்தில் வண்டி அதிக தூரம் ஓடவில்லை, அதிக பெட்ரோல் செலவிட்டது. ஆவரேஜ் அதற்குரிய எடையைத் தரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு லிட்டர் போட்டால் மட்டும் ஆவரேஜும் சரியாக வரும், அதனால்தான் பலருக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மொத்த கிலோமீட்டரை மொத்த டீசலால் வகுப்பது லாரிக்காரருக்குக் கைக்கணக்கு.

தாளை மேலிருந்து கீழே படித்தால் ஊரும் தெரிகிறது. ஜூலை வரிசைகளில் டி சரியும். குறிப்பில் 'காத்து' என்று ஒரு சொல். பாலக்காட்டுக் கணவாய் வழியே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாய்ந்து காற்றாலைகளைச் சுற்றும் அதே மேல்காற்றுதான். அதை எதிர்த்து பாலக்காட்டுக்கு 80-இல் போகும்போது காற்றின் வேகம் 20 என்றால், வண்டி சந்திப்பது 100-இல் போகும் எதிர்ப்பை. அது வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் ஒன்றரை மடங்குக்கு மேல். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளினாலும் இழந்தது முழுக்க வராது: 100-இன் வர்க்கமும் 60-இன் வர்க்கமும் சேர்ந்து பாதியானால் 6,800, காற்றில்லாத நாளில் 6,400. போக வர ஆறு சதவீதம் கூடுதல் எதிர்ப்பு.

1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே பஸ்ஸோடு தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரை, 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் தாங்கியிருக்கிறது. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சிக்னலில் நின்று எரித்தது இனி மிச்சமாகுமா என்பது நண்பரின் தற்போதைய ஆராய்ச்சி. இ-யில் அது சீக்கிரம் தெரியாது. பழைய டேங்குகள் அத்தனையையும் சுமந்து நிற்கும் எண் லேசில் அசையாது. டி-யோ ஆட்டோ கட்டுக்கே ஆடும். அதனால் டாலரை எடுத்துவிட்டுப் புதிய நெடுவரிசை ஒன்று போட்டிருக்கிறார்: =(பி52-பி42)/சம்(சி43:சி52). கடைசிப் பத்து டேங்க் மட்டும். புதிது ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியே. அதற்குத் தலைப்பு இன்னும் வைக்கவில்லை. 'மேம்பாலம்' என்று வைக்கலாமே என்றேன்.

"பேரெல்லாம் இப்பவே எதுக்குங்க, பத்து டேங்க் போகட்டும்" என்றார்.