ஏடும் அரங்கும்

குர்துபா நகரத்துப் பேரறிஞர் இப்னு ருஷ்து (1126–1198) அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு உரை கண்டபோது, 'டிராஜெடி' என்பதைப் புகழ்ப்பா என்றும், 'காமெடி' என்பதை வசைப்பா என்றும் கொண்டார். 10ஆம் நூற்றாண்டில் அந்நூலை அரபியாக்கிய அபூ பிஷ்ர் மத்தாவும் அவ்வாறே கொண்டிருந்தார். புலமைக் குறைவன்று காரணம்; ஏடு கைக்கு வந்தது, அரங்கு கண்ணுக்கு வரவில்லை.

அச்சுப் பிரதியை மட்டும் நம்பிச் சோபோக்ளிஸைப் பயில்வோர்க்கும் இவ்விடர் உண்டு. அவர் இயற்றிய நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களுள் முழுமையாய் எஞ்சியவை 7. அவற்றிலும் சொல்லே எஞ்சியது. முகமூடியும், 15 பேர் கொண்ட குழுவின் ஆடலும் இசையும் மறைந்தன.

மறைந்ததன் இயல்பை ஓரளவு உய்த்துணரப் புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்கள் நமக்குத் துணைசெய்யும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த இசை நாடக மரபு அங்கே ஸ்பெஷல் நாடகமாய் விடிய விடிய நிகழ்கிறது. வெவ்வேறூர்க் கலைஞர்கள் ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திக்கின்றனர். அரிச்சந்திரா மயான காண்டத்தில், இறந்த மகனை ஏந்திவரும் சந்திரமதியிடம் கணவனே சுடலைக் கூலி கேட்கிறான். ஏட்டில் அது சில வரி. மேடையிலோ ஆர்மோனியம் சுருதியை ஏந்தி நிற்க, அவ்வரிகள் நெடும் புலம்பலாய் விரிகின்றன. முடிவு அறிந்த கதைக்கே மக்கள் கண்ணீர் விடுகின்றனர். ஈடிப்பஸின் கதையை அறிந்தே ஏதென்ஸ் மக்களும் அரங்கில் அமர்ந்தனர்.

இரண்டும் ஒன்றென்பது நம் கருத்தன்று. அரிச்சந்திரன் இழந்தவற்றை மீளப் பெறுகிறான்; ஆன்டிகனி மீள்வதில்லை. ஆயினும், தெருக்கோடி மேடையைத் தாழ்வென ஒதுக்கும் புலமை, இப்னு ருஷ்துக்குக் கிட்டாத வாய்ப்பைத் தானே கைவிடுகிறது.