நுரைக்கும் சேர்த்துக் காசு

லண்டன் பப்பில் ஒரு பைன்ட் பீர் கேட்டால் கைக்கு வரவேண்டியது 568 மில்லி. 1824ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இம்பீரியல் காலனில் எட்டில் ஒரு பங்கு அது. அமெரிக்கப் பைன்ட்டோ 473 மில்லிதான். பெயரை நம்பிப் பயனில்லை, பாத்திரத்தைத்தான் நம்பவேண்டும். குடிக்கும் குவளையிலேயே அளவைக் குறிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியது இதனால்தான்.

இங்கிலாந்தில் இந்தக் கவலை பழையது. நாடு முழுக்க ஏல் பானத்துக்கு ஒரே அளவு வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவே சொல்லிவிட்டது. சொன்னதைச் செய்யவைப்பதற்குத்தான் நாளாயிற்று. மூன்றாம் வில்லியம் காலத்துச் சட்டம், பீர் விற்கும் பாத்திரங்களில் கிரீடத்தையும் ‘டபிள்யூ ஆர்’ எழுத்துகளையும் பொறிக்கச் சொன்னது. மன்னர் 1702இல் இறந்துபோனார். பட்டறைகளோ அவருக்குப் பின் வந்தவர்கள் ஆட்சியிலும் அதே எழுத்துகளையே பொறித்துக்கொண்டிருந்தன. வாங்குகிறவருக்கு வேண்டியது மன்னர் பெயரா என்ன? யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள் என்ற உறுதி போதும். நம் ஊரில் முத்திரை போட்ட படிக்கு இருந்த மதிப்பும் அதுதானே.

ஆனால் முத்திரை பாத்திரத்தின் கொள்ளளவுக்குத்தான் சாட்சி. உள்ளே எவ்வளவு ஊற்றினார்கள் என்பது அதற்குத் தெரியாது. வெள்ளீயக் கலவைக் குவளையில் குடித்த காலத்தில் பீர் எதுவரை நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கி, கண்ணாடிக் குவளை மலிந்தபிறகுதான் குடிப்பவரின் கண்ணுக்கு வேலை வந்தது.

கண்ணுக்கு வேலை வந்ததும், பிரிட்டிஷ் முறையின் பெரிய ஓட்டை தெரிந்துவிட்டது. அங்கே இரண்டு வகைக் குவளையும் செல்லும். ஒன்றில் விளிம்பே அளவு: தளும்பத் தளும்ப ஊற்றினால்தான் 568 மில்லி. மற்றொன்றில் விளிம்புக்குக் கீழே கோடு இருக்கும், நுரைக்குக் கோட்டுக்கு மேலே இடம். பெரும்பாலான பப்புகள் வைத்திருப்பது முதல் வகையை. நுரையோடு வரும் பானத்துக்கு நுரை நிற்க இடமில்லாத பாத்திரம்! மேலே அகன்ற குவளையின் உள்வாய் எட்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 55 மில்லி பிடிக்கும். விரல் தடிமன் நுரை என்றால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. குவளையின் அடியில் இதே உயரம் குறைந்தால் இழப்பு இவ்வளவு இராது. வாய் அகலமாக இருப்பதால், நுரை நிற்கும் இடமே அதிகம் கொள்ளும் இடமாகிவிடுகிறது.

பால்காரர் படியில் நுரை பொங்க அளந்தால் நம் வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். பீர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. வட இங்கிலாந்தில் குழாய் முனையில் சிறு துளைகள் கொண்ட மூடியைப் பொருத்தி, கெட்டியான நுரையோடு ஊற்றுவார்கள். அது இல்லாவிட்டால் அங்கே முகம் சுளிப்பார்கள். தெற்கே நுரை குறைந்தால்தான் நல்ல பைன்ட். அளவான நுரை பைன்ட்டின் பகுதியே என்று 1982இல் நீதிமன்றமும் சொன்னது. நுரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டும் நடைமுறைக்கு வரவேயில்லை. கடைசியில் மிஞ்சியது வியாபாரிகளே வகுத்துக்கொண்ட வழிகாட்டல்: குறைந்தது 95 விழுக்காடு திரவம் இருக்கவேண்டும், குறைகிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் முகம் கோணாமல் நிரப்பித் தரவேண்டும். ஐந்து விழுக்காடு என்றால் 28 மில்லி. இருபது குவளை விற்றால் ஒரு குவளைக் காசு சும்மா வருகிறது. இந்தச் சலுகையை யார் கைவிடுவார்கள்?

கோடு போட்ட குவளை இதற்கு முக்கால் பங்கு மருந்து. நுரைப் பிரியருக்கும் இடம் உண்டு, அளவும் குறையாது. பிரிட்டனின் பீர் விழாக்களிலேயே பைன்ட், அரை, மூன்றில் ஒன்று என மூன்று கோடு போட்ட குவளைகள் புழங்குகின்றன. எனவே ‘எங்கள் ஊருக்கு ஒத்துவராது’ என்ற வாதம் அங்கே எடுபடாது. மீதிக் கால் பங்கு என்ன என்பதை மியூனிக் காட்டுகிறது. அங்கே ஒரு லிட்டர் ‘மாஸ்’ குவளையில் கோடு பளிச்சென்று இருக்கிறது. இருந்தும், ஏமாற்றி ஊற்றுவதை எதிர்க்கவென்றே அந்த நகரில் ஒரு சங்கம் உண்டு. அக்டோபர் திருவிழாக் கூட்டத்தில், பத்துக் குவளையை ஒரே பிடியாகத் தூக்கிவரும் பணிப்பெண்ணை நிறுத்தி, கோட்டைக் காட்டி வாதாட எத்தனை பேருக்கு மனம் வரும்?

இன்னொரு குறை, அளவுக் குறிக்கே உரியது. ஒரே பாத்திரத்தைப் பலர் மாற்றி மாற்றிக் குடித்த காலத்தில், ஒருவர் அளவு மீறாதிருக்க உள்ளே ஆணி அடித்துவைத்தார்கள். ஆணிவரை குடித்தே தீரவேண்டும் என்று அதுவே பந்தயமாகிவிட்டது. பாதிரியார்கள் ஆணிக்குக் குடிக்கக் கூடாது என்று 1102இல் லண்டனில் கூடிய திருச்சபை மாமன்றம் தடைபோட வேண்டியிருந்தது. பைன்ட்டும் ஏறக்குறைய அப்படித்தான். வாங்குகிறவரைக் காக்க வந்த அளவு, ஒருவர் குடிக்கவேண்டிய அளவாகிவிட்டது. பைன்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு விற்கலாம் என்ற அனுமதியே 2011இல்தான் வந்தது.

2006இல் ஐரோப்பிய ‘சிஇ’ குறி வந்தபோது கிரீட முத்திரை போய்விட்டதே என்று பிரிட்டனில் பலர் புலம்பினார்கள். 2021இல், விரும்பினால் கிரீடத்தை மீண்டும் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. கிரீடத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது கோட்டுக்குக் காட்டி, அதைக் கட்டாயமாக்கியிருக்கலாம். செய்யவில்லை.