கில்லட்டின் நிழலில் ஒரு வரலாற்று ஆசிரியை

பாழடைந்த பண்ணை வீட்டைப் புரட்சிப் படை வளைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே பதுங்கியிருந்த பிரபுக்களில் ஒருவர், ரூவ்ரே என்பவர், வெறுங்கையோடு வாசலுக்கு வருகிறார். எதிரே நிற்கும் படைவீரனிடம் துப்பாக்கியைக் கேட்டுக் கையை நீட்டுகிறார். குரலில் பதற்றமே இல்லை; வேலையாளிடம் தண்ணீர் கேட்கிற தொனி. அவனும் கொடுத்துவிடுகிறான். தலைமுறை தலைமுறையாகப் பணிந்து பழகிய உடம்பு புரட்சியை ஒரு கணம் மறந்துபோகிறது. ரூவ்ரேவுக்கு அது போதவில்லை. சீருடை மாட்டிவிட்டாலும் உள்ளே இருப்பவர்கள் குடியானவர்கள்தான் என்று அதிகாரியிடம் ஏளனமாகச் சொல்கிறார். மறுகணம் சுட்டு வீழ்த்தப்படுகிறார்.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ வரிசையில் 1964 ஆகஸ்ட் 8 அன்று ஒளிபரப்பான ‘த ரெயின் ஆஃப் டெரர்’ (பயங்கர ஆட்சி) கதையின் முதல் பகுதியில் வருகிறது இந்தக் காட்சி. ஒரு நிமிடம்கூட நீளாது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்தது என்பதையும், அது எப்படித் தடம் மாறியது என்பதையும் இதைவிடச் சுருக்கமாக நாடகத்தில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆண்டாண்டுகால இழிவு, அந்த இழிவு கொலையாக வெடிப்பது இரண்டும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன.

1963 நவம்பரில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’வின் முதல் பருவத்தை முடித்துவைத்த கதை இது. இருபத்தைந்து நிமிடப் பகுதிகள் ஆறு. செப்டம்பர் 12 வரை சனிக்கிழமைதோறும் வந்தன. காலத்தில் பயணம் செய்யும் கிழவர் டாக்டராக வில்லியம் ஹார்ட்னெல். அவருடைய பேத்தி சூசனாக கரோல் ஆன் ஃபோர்ட். இவர்களோடு தற்செயலாகச் சேர்ந்துகொண்ட இரண்டு பள்ளி ஆசிரியர்கள்: அறிவியல் நடத்தும் இயன், வரலாறு நடத்தும் பார்பரா. பிள்ளைகள் பொழுதுபோக்கோடு பாடமும் படிக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் இந்த இரண்டு பாத்திரங்களும் உருவாயின. அதனால் அந்தக் காலத்தில் எதிர்காலக் கதை ஒன்று வந்தால், அரக்கர்களோ வேற்றுக்கிரகவாசிகளோ இல்லாத சரித்திரக் கதை ஒன்றும் வரும். சரித்திரமே போதுமான அளவு பயங்கரமானது என்று நம்பிய காலம்.

இதை எழுதியவர் டென்னிஸ் ஸ்பூனர். நகைச்சுவை கைவந்தவர். பயங்கர ஆட்சியை எழுதும்போதும் அதை அவர் ஒளித்துவைக்கவில்லை. பிடிபட்ட தன் தோழர்களைத் தேடிப் பாரிஸுக்கு நடந்து வரும் டாக்டர் ஒரு துணிக்கடைக்குள் நுழைகிற காட்சியைப் பாருங்கள். அவருக்கு வேண்டியது ஓர் உயரதிகாரியின் உடை. கையில் காசில்லை. கடைக்காரருக்கோ அவர்மேல் சந்தேகம். போட்டிருந்த சட்டையையும் விரல் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் பட்டையும் தொப்பியில் பெரிய இறகுக் கொத்துமாக வெளியே வருகிறார் ஹார்ட்னெல். அந்த இறகுகள் தலைக்கு மேல் ஏறியதும் அவருடைய நடையே மாறிவிடுகிறது. கான்சியர்ஜரி சிறைக்குள் அந்த மிடுக்கோடு போய்க் குடிகாரச் சிறைக்காவலரை அவர் அதட்டும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஸ்பூனர் கணக்கை மறக்கிறவர் அல்லர். அதே மோதிரத்தை எடுத்துக்கொண்டு கடைக்காரர் நேரே அதிகாரி லெமெத்ரிடம் போகிறார், ஒரு துரோகியைக் காட்டிக்கொடுப்பதற்கு. சிரித்துக்கொண்டே பார்த்த பேரம் ஒரு மனிதரின் கழுத்துக்கு விலையாகிவிடுகிறது. அண்டை வீட்டுக்காரர் மீதும் புகார் கொடுக்கும் அந்தக் காலத்தின் நச்சுக்காற்றை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

விசாரணைக் காட்சியும் அப்படித்தான். இயன், பார்பரா, சூசன் மூவருக்கும் மரண தண்டனை விதிக்க நீதிபதிக்குச் சில விநாடிகள் போதும். கதை நடப்பது 1794 ஜூலையில். அதற்கு முந்தைய மாதம்தான், ஜூன் 10 அன்று, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையையே எடுத்துவிட்ட சட்டம் பாரிஸில் நிறைவேறியிருந்தது. விடுதலை அல்லது மரணம், இரண்டில் ஒன்று. நடுவில் வேறு தண்டனை கிடையாது. தொடர் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. அதன் வேகத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இத்தனையும் எடுக்கப்பட்ட இடம் எது என்று தெரிந்தால் வியப்பு கூடும். பெரும்பகுதி லைம் குரோவ் ஸ்டூடியோவின் நெரிசலான அரங்கம் ஒன்றில் பதிவானது. திறந்தவெளி என்று பார்த்தால் டாக்டர் பாரிஸை நோக்கி நடக்கும் சில காட்சிகள்தான். ‘டாக்டர் ஹூ’ ஸ்டூடியோவைவிட்டு வெளியே போய்ப் படம் பிடித்தது அதுவே முதல் தடவை. நடந்தவர் ஹார்ட்னெல்லும் அல்ல, தொலைவில் அவரைப் போலவே தோன்றும் பிரையன் ப்ரௌட்ஃபுட். இயக்குநர் ஹென்ரிக் ஹிர்ஷ் மூன்றாம் பகுதியின்போது வேலைச் சுமை தாங்காமல் மயங்கி விழ, ஜான் கோரி வந்து அதை முடித்துக் கொடுத்தார். அந்த இடநெருக்கடி கதைக்கு நல்லதாகவே அமைந்தது என்பது என் கட்சி. சிறை அறையின் ஈரச் சுவரும், எலிகளும், ஓர் அடி நகர்ந்தால் இன்னொருவர்மேல் இடிக்கிற நெருக்கமும் பாரிஸ் முழுவதையும் ஒரு சிறைக்கூடமாக்கிவிடுகின்றன. பெரிய கூட்டத்தைக் காட்ட வசதியில்லை. ஆகவே கூட்டத்தின் பயத்தை நான்கு முகங்களில் காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. சூசனை ஸ்பூனர் வீணடித்துவிட்டார். தலைவலி, காய்ச்சல், அழுகை என்று அந்தப் பெண்ணைக் கதை முழுக்கப் படுக்கவைத்திருக்கிறார். கரோல் ஆன் ஃபோர்ட் அந்த ஆண்டு முடிவதற்குள் தொடரைவிட்டு விலகியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சரித்திரத்திலும் பெரிய சறுக்கல் ஒன்று இருக்கிறது. பயங்கர ஆட்சியின் தலைவர் ரோபஸ்பியரைக் கவிழ்க்க அரசியல்வாதி பராஸ் ஒரு விடுதியில் நெப்போலியனை ரகசியமாகச் சந்திப்பதாகக் கடைசிப் பகுதியில் காட்டுகிறார்கள். அப்போது இருபத்துநான்கு வயது தளபதியான நெப்போலியன் தெற்கே படையோடு இருந்தார். ரோபஸ்பியரின் தம்பியோடு நெருக்கமானவர் என்பதற்காக ஆகஸ்டில் கைதுகூட ஆனார். வரலாற்று ஆசிரியை ஒருவர் உடன் வரும் கதையில் இது நடந்திருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய குறையாக எனக்கு நெடுநாள் தோன்றியது கதையின் சாய்வு. நம் பயணிகளைக் காப்பாற்றுகிறவர்கள், அடைக்கலம் தருகிறவர்கள் எல்லோரும் புரட்சியின் எதிரிகள். புரட்சிக்காரர்கள் என்று வருபவர்கள் குடிகாரர்கள், கூலிக்குக் காட்டிக்கொடுக்கிறவர்கள், இல்லையென்றால் ரோபஸ்பியர். ஆங்கிலேய ஒற்றர்கள் நல்லவர்களாக உலவுகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியை ஆங்கிலேயர்கள் எழுதினால் வழக்கமாக வரும் கதைதானே என்று நான்கு பகுதிகள் வரை நினைத்துக்கொண்டுதான் பார்ப்போம்.

ஐந்தாம் பகுதியில் அது உடைகிறது. லெயோன் கொல்பேர் என்ற இளைஞன் பார்பராவிடம் இதமாகப் பேசிப் பழகியவன். இயனைப் பொறியில் சிக்கவைத்தவனும் அவன்தான். பயணிகளுக்கு அடைக்கலம் தந்த ஜூல்ஸ் வந்து அவனைச் சுட்டுக் கொன்று இயனை மீட்கிறார். திரும்பி வந்து, துரோகி செத்தான் என்ற தோரணையில் விஷயத்தைச் சொல்கிறார்கள். பார்பரா சீறி எழுகிறாள். உங்களுக்குத்தான் அவன் துரோகி, அவன் பக்கத்துக்கு அவன் தேசபக்தன் என்கிறாள். ஜூல்ஸ் நம் உயிரைக் காத்தவர் என்று இயன் சமாதானம் சொல்ல, அதெல்லாம் தெரியும் என்று வெட்டுகிறாள். புரட்சி முழுக்கவும் தீமையல்ல, அது உலகத்தையே மாற்றியது, அந்த மாற்றத்துக்காக நேர்மையான மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு எது தகும் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பார் என்கிறாள்.

பார்பராவாக நடித்த ஜாக்குலின் ஹில் இதைப் பேசும் விதம்தான் என்னை இந்தக் கதையிடம் திரும்பத் திரும்ப அழைத்துவருகிறது. பிரசங்க வாடை துளியும் இல்லை. சற்று முன்வரை தனக்குப் பிடித்திருந்த ஒருவன் செத்துவிட்டான் என்ற வலியும், தான் நேசித்துக் கற்பிக்கும் ஒன்றை நண்பர்கள் கொச்சைப்படுத்துகிறார்களே என்ற கோபமும் ஒன்றாகக் கலந்து குரல் தழுதழுக்கிறது. அதே புரட்சிதான் அவளை கில்லட்டினுக்கு அனுப்பப் பார்த்தது. மரண வண்டியில் ஏறியவள் அவள். அப்படிப்பட்டவள் புரட்சிக்காக வாதாடுகிறாள். குழந்தைகளுக்கான சனிக்கிழமை மாலைத் தொடரில் இப்படி ஒரு வாதத்தை வைக்க ஸ்பூனருக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது.

அந்தக் காட்சியின் படம் இன்று இல்லை. பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது அந்நாளைய பிபிசியின் வழக்கம். பிரதிகளும் குப்பைக்குப் போயின. ஆறு பகுதிகளில் நான்கு 1980களில் திரும்பக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை சைப்ரஸிலிருந்து வந்தவை. நான்காம், ஐந்தாம் பகுதிகள் வரவில்லை. ஒலி மட்டும் பிழைத்தது, அதுவும் ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சியிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து வைத்ததால். 2013இல் டிவிடி வெளியானபோது இந்த இரண்டு பகுதிகளையும் அசைவூட்டப் படமாக்கிச் சேர்த்தார்கள். உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் கண்ணுக்கும் கைக்கும் மாறி மாறித் தாவும் அந்தப் படத்தொகுப்பு 1964இன் நிதானத்துக்கு ஒட்டவே இல்லை. நடிகர்கள் பேசி முடிக்கும்வரை கேமரா காத்திருந்த காலம் அது.

கடைசியில் தங்கள் காலப் பயண இயந்திரமான டார்டிஸுக்குள் நால்வரும் பேசிக்கொள்கிறார்கள். நெப்போலியனுக்கு ஒரு கடிதம் எழுதி எச்சரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இயன் கேட்கிறான். தொலைத்திருப்பார், இல்லை பைத்தியக்காரன் எழுதியது என்று நினைத்திருப்பார் என்கிறாள் சூசன். சுட்டிருந்தாலும் குறி தப்பியிருக்கும் என்கிறாள் பார்பரா. சில மாதங்களுக்கு முன் வந்த ‘த அஸ்டெக்ஸ்’ கதையில் நரபலியை நிறுத்திச் சரித்திரத்தைத் திருத்தப் போராடித் தோற்றவள் அவள். இங்கே திருத்தும் ஆசை அவளுக்கு இல்லை. நடந்ததை நியாயமாகப் புரிந்துகொள்ளச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆறு பகுதிகளையும் ஒரே இரவில் விழுங்காதீர்கள்; வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்கவே எழுதப்பட்டவை. படம் இல்லையே என்று நான்கையும் ஐந்தையும் தாண்டிப் போய்விடாதீர்கள். அசைவூட்டம் பிடிக்காவிட்டால் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். ஹில் பேசும் அந்த ஒரு நிமிடத்துக்குக் குரல் ஒன்றே போதும்.