கந்தபுராணத்திற் சூரபன்மன்: பாத்திரப் பண்பும் நூற்பொருளும்

கதைநூலில் வரும் மாந்தரின் குணம், சொல், செயல் ஆகியவற்றின் வாயிலாக நூலின் உட்பொருளைப் புலப்படுத்தல் இக்கால நாவலாசிரியர்க்கே உரிய திறமென்று கருதுவார் உளர். தமிழில் நாவல் என்னும் வகை 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தொடு தொடங்கிற்று என்பது வழக்கு. அதற்கு முற்பட்ட புராணங்களில் நல்லோர் நல்லோராகவே நிற்பர், தீயோர் தீயோராகவே மாய்வர். உள்ளம் இருபாற்பட்டுத் தடுமாறும் மாந்தரை ஆண்டுக் காண்டல் அரிது என்பது அன்னோர் கூற்று. அக்கூற்றை மறுத்தற்குக் காஞ்சியிற் பிறந்த கந்தபுராணம் ஒன்றே சாலும்.

ஏகாம்பரநாதர் திருக்கோயிலுக்கும் காமாட்சியம்மை திருக்கோயிலுக்கும் இடையே அமைந்தது குமரகோட்டம். ஆண்டுப் பூசனை புரிந்துவந்த கச்சியப்ப சிவாசாரியர், வடமொழிக் காந்தத்துச் சங்கர சங்கிதையின் சிவரகசிய கண்டத்தைத் தழுவி, 6 காண்டங்களும் 10,345 செய்யுட்களும் கொண்டதாக இந்நூலை இயற்றினார். நாடோறும் எழுதிய ஏட்டை அவர் முருகன் திருமுன்பு வைத்துத் திருக்காப்பிட, விடியலில் அதன்கண் திருத்தங்கள் காணப்பட்டன என்பது செவிவழி வரலாறு.

இந்நூற்குப் பொருள் விரிப்போர் பெரும்பாலும் ஒரு சூத்திரத்தைக் கையாள்வர். தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபன்மன் ஆணவம்; வேல் ஞானம்; மும்மலமும் ஞானத்தால் வெல்லப்படுதலே கதை என்பது அது. இச்சூத்திரம் ஆதாரம் அற்றதன்று. தாரகன் கிரவுஞ்சமலையின் மாயத்துள் வீரவாகு முதலியோரை மயக்கி அகப்படுத்துகின்றான்; ஆகலின் மாயை என்றல் பொருந்தும். சிங்கமுகனுக்கு அறுந்த தலைகள் மீளவும் முளைக்கின்றன. துய்க்கத் துய்க்க மேலும் ஏறும் வினைக்கு அஃது ஏற்ற உருவமே. இறுதியில் எஞ்சி நிற்பவன் சூரன். மலங்களுள் மூலமாவது ஆணவம். இம்மட்டும் ஒக்கும்.

அற்றேல், அதனோடு ஆராய்ச்சி முடிந்துவிடுமோ எனின், முடியாது. என்னை? ஆணவம் சடம், கன்மமும் மாயையும் அன்னவே. சடமாயது எண்ணாது, இரங்காது, வருந்தாது. சூரனோ மைந்தனை இழந்து புலம்புகின்றான், தன்னெதிரே தோன்றிய பேரொளியைக் கண்டு வியக்கின்றான், வணங்கவும் எண்ணுகின்றான். இவை யாவும் உயிரின் தொழில். மலத்தின் தொழில் அல்ல. ஆகவே சூரன் ஆணவம் என்றல் மிகுதி பற்றிய வழக்கு. ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் என்பதே சித்தாந்தத்திற்கு ஒத்த உரையாம்.

இதனைச் சிங்கமுகன்பால் முதற்கண் காணலாம். மகேந்திர காண்டத்தில் வீரவாகு தூதுவந்து மீண்டபின் சூரன் அமைச்சரைக் கூட்டுகின்றான். ஏனையோர் அவன் செவிக்கு இனியன பேச, இளவலாகிய சிங்கமுகன் ஒருவனே தேவரைச் சிறைவிடுதல் தக்கதென்றும், வந்தோனைச் சிறுவனென்று இகழ்தல் தகாதென்றும் எடுத்துரைக்கின்றான். தமையன் வெகுண்டு இழித்துப் பேசிய அளவில், அறிந்த உண்மையை உள்ளடக்கிக்கொண்டு, அவன்பொருட்டுப் பொருது மடிய உடன்படுகின்றான். நன்றறிந்தும் பற்றின்வழிச் சென்ற இவனை வெறுங் கன்மம் என்று பெயரிட்டு அமைதல் புலவர்க்குச் செய்யும் நீதி அன்று. வினையாவது புறத்தே நின்று தள்ளுவது மாத்திரமன்று. அன்பு என்னும் பெயரோடும் வந்து பிணிக்கும் என்பதனை ஆசிரியர் இவன் ஒழுக்கத்தால் உணர்த்தினார்.

சிங்கமுகன் கும்பகருணனையும், பானுகோபன் இந்திரசித்தையும், வீரவாகு அனுமனையும் ஒப்பர். ஆதலின் இந்நூல் இராமகாதையின் நிழல் என்று குறைகூறுவாரும் உளர். ஒப்புமை வெளிப்படை. எனினும் ஆராய்வோன் நோக்கற்பாலது ஒவ்வாத இடமே. இராமகாதையில் வீடணன் உளன்; அரக்கர் குலத்துள் அறமறிந்த ஒருவன் மறுபக்கம் சென்று அடைக்கலம் பெறுகின்றான், தமையன் மாய்கின்றான். கந்தபுராணத்தில் வீடணன் இலன். பானுகோபன் தோற்று மீண்டபின் தந்தைக்கு நல்லறிவு கூறுகின்றான். கேளாமையால் மீண்டும் போர்க்கெழுந்து மடிகின்றான். மற்றொரு மைந்தன் இரணியனும் இடித்துரைக்கின்றான். பின்பு பொருது தோற்று, தந்தைக்கு இறுதிக்கடன் இயற்ற ஒருவன் வேண்டுமென்று கருதி மீனுருக்கொண்டு கடலுள் மறைகின்றான். முருகனை வந்தடைந்தார் சூரன் சுற்றத்துள் எவரும் இலர்.

வீடணனுக்குரிய இடம் இந்நூலில் வறிதாக விடப்பட்டமை எற்றுக்கு? அவ்விடம் சூரனுக்கே உரியது என்பதற்கு. நல்லோன் ஒருவன் அடைக்கலம் பெறுதல் அறத்தின் வெற்றி. பகைத்தோனே ஆட்கொள்ளப்படுதல் அருளின் வெற்றி. பின்னதே கச்சியப்பர் நூற்பொருள். மறக்கருணை என்று சைவர் போற்றுவது இதனையே.

அவ்வருளுக்குச் சூரனை அவர் ஆயத்தஞ் செய்யும் முறை வியக்கற்பாலது. போரிறுதியில் முருகன் தன் பெருவடிவைக் காட்டுகின்றான். இதுகாறும் பாலன் என்று இகழ்ந்த சூரன், தான் அறியாது இருந்தமையை உணர்கின்றான். திருவடியை வணங்கி அடிமையாய் வாழவேண்டும் என்னும் வேட்கையும் கொள்கின்றான். இடையே நின்று தடுப்பது மானம் ஒன்றே. இவ்வொரு சொல்லில் நூலின் நாடி துடிக்கின்றது. மானம் தமிழ்மரபில் உயர்ந்த குணம், மன்னற்கு அணி. அவ்வுயர்குணத்தின் வடிவிலேயே ஆணவம் ஒளித்துநின்று, கூப்ப எழுந்த கையைத் தடுக்கின்றது. ஆணவம் இழிகுணமாய் மட்டும் தோன்றுமாயின் அதனை விலக்குதல் எளிது. குலப்பெருமை என்றும், கற்ற கல்வி என்றும், கொண்ட கொள்கை என்றும் நல்லுடை போர்த்து வருதலினன்றோ அஃது உயிரை விட்டு நீங்குதல் அரிதாகின்றது?

பெருவடிவை இறைவன் மறைத்த அளவில் சூரனது நல்லுணர்வும் மறைகின்றது. பழைய சினமே மூள்கின்றது. காட்டுவார் காட்டினன்றி உயிர் தானே காணாது என்னும் சித்தாந்தத் துணிபு, இங்கே பிரமாணங்கூறி நிறுவப்படாமல், ஒரு பாத்திரத்தின் உளத்தடுமாற்றமாக நிகழ்ந்து காட்டப்பெறுகின்றது. பின்னர்க் கடலிடை மாமரமாய் நின்றும் வேலாற் பிளவுண்டும் மயிலும் சேவலும் ஆகின்றான். மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று. அழிவு என்பது ஈண்டு இல்லை. எல்லாரையும் தன்கீழ் அடக்க எண்ணியவன் இறைவனைத் தாங்குவோன் ஆயினான். அதே வலிமை, திசைமட்டும் வேறு. ஆணவம் அநாதி, முத்தியிலும் அதன் சத்தி அடங்குவதன்றி அது இல்பொருளாவதில்லை என்னும் கொள்கைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேறெங்குளது?

செருக்கு அசுரசாதிக்கே உரியதென்று ஒருவன் கருதாமைப்பொருட்டு ஆசிரியர் தக்ககாண்டத்தையும் நூலிறுதியில் வைத்தார். தக்கன் பிரமன் மைந்தன். தவத்தாற் சிவபெருமானிடம் வரம்பெற்றவன். பின் அப்பெருமானையே இகழ்ந்து வேள்வி தொடங்கினான். சூரனும் வேள்வியால் அவரிடமே 1008 அண்டங்களின் ஆட்சியைப் பெற்றவன். குலம் வேறு, நோய் ஒன்று. தேவர்கள் சூரனாற் பட்ட துன்பத்திற்குக் காரணம் அத்தக்கன் வேள்வியில் இருந்து அவியுண்டமையே என்று கதையைப் பின்னோக்கி முடிக்கும் வகையால், அடக்கப்பட்டோரும் குற்றமற்றோர் அல்லர் என்பது பெறப்படும்.

காஞ்சி நெசவாளர் பட்டின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறமாகக் கொண்டு, மூன்று நாடாக்களால் கோர்வையாக நெய்வர். நெய்த ஆடைமேற் பூசிய வண்ணம் வெளுக்கும். இழையோடு இழையாகப் பின்னிய கரை பிரிவதில்லை. தத்துவப்பெயரைப் பாத்திரத்தின்மேல் எழுதி அமைதல் வண்ணம் பூசுதல் போல்வது. கச்சியப்பர் செய்தது கோர்வை நெசவு.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் மரபு உளது. தமிழ்நாட்டிற் கந்தசட்டிதோறும் சூரசங்காரம் நடித்துக் காட்டப்படுகின்றது. திரண்டு நிற்போர் சூரன் தலை வீழ்தலைக் கண்டு ஆரவாரிப்பர். தலை வீழ்வதற்கு முன்னர், வணங்க விழைந்தும் வணங்க ஒல்லாது அவன் நின்ற அக்கணம் எவர் கண்ணிற் படுகின்றதோ, அவரே நூலைக் கேட்டவர் ஆவர். ஏனையோர் பகைவன் ஒருவன் மடிந்தான் என்று மகிழ்ந்து வீடு திரும்புவர். அவன் தம்முள் இருத்தலை அறியார்.