செல்வமும் மனநிறைவும்

நாடு செல்வத்தால் உயர்ந்தால் மக்களின் மகிழ்ச்சியும் உயருமா? இவ்வினாவுக்கு அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரிச்சர்டு ஈஸ்டர்லின் 1974ஆம் ஆண்டில் அளித்த விடை இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஒரு நாட்டுக்குள் செல்வர் வறியரினும் மகிழ்வுடன் வாழ்கின்றனர். ஆயினும், நாடு முழுவதும் செல்வம் பெருகும்போது மகிழ்ச்சி அவ்வாறு பெருகுவதில்லை என்றார் அவர். மனிதன் தன் வாழ்வைப் பிறர் வாழ்வோடு ஒப்பிட்டே அளக்கிறான் என்பது அவர் காட்டிய காரணம்.

நம்மவருக்கு இம்முடிவு இனிப்பதில் வியப்பில்லை. உலகப் பொருளில் நமக்கு மேலிருப்போரை விடுத்துக் கீழிருப்போரை நோக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்திருக்கிறார்கள். அப்போதனைக்கு அறிவியலும் சான்று கூறிவிட்டது என மகிழ்கிறோம். மகிழுமுன் அச்சான்றைச் சற்றுச் சோதித்தல் நன்று.

ஈஸ்டர்லின் பிற்காலத்தில் பெரிதும் எடுத்துக்காட்டிய நாடு ஜப்பான். 1958 முதல் 1987 வரை அங்குத் தனிமனித வருமானம் ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. மக்களின் மனநிறைவோ உயரவில்லை என்றார். ஆனால் 2008இல் பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் உல்ஃபர்ஸ் ஆகிய இருவரும் ஜப்பானிய மொழியில் அமைந்த மூல வினாக்களையே ஆராய்ந்தனர். 1964இல் அவற்றின் சொற்கள் மாறியிருந்தன! அதற்குமுன், பொதுவாக நிறைவுடன் இருக்கிறேன் என்பதே உச்ச விடை. அதன்பின், முழுமையாக நிறைவுற்றேன் என்றாக வேண்டும். அவ்வாறு கூறத் துணிவோர் எத்தனை பேர்? இத்தகைய மாற்றங்களைக் கணக்கிற் கொண்டு நோக்கியபோது, வளர்ச்சியோடு நிறைவும் உயர்ந்ததையே அவ்விருவரும் கண்டனர். ஈஸ்டர்லின் தம் முடிவைக் கைவிடவில்லை. அறிஞரிடையே இவ்வழக்கு முடிந்தபாடில்லை.

சொல்லொன்று மாறினால் ஒரு நாட்டின் உள்ளமே வேறாகத் தோன்றும் என்பதை இலக்கியம் பயில்வோர் எளிதில் உணர்வர். ஆதலின், முடியாத வழக்கொன்றைத் தீர்ப்பாகக் கொண்டு, செல்வம் மகிழ்ச்சி தராது என்று வறியோருக்கு உபதேசம் செய்வது முறையாகாது. வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குச் சொல்லும்போது அது கொடுமையும் ஆகும்.

போதுமென்ற மனத்தை நாம் ஒவ்வொருவரும் நம்மிடமே வேண்டிப் பெறவேண்டும். பிறரிடம் வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. கீழிருப்போரை நோக்கச் சொன்ன அதே மார்க்கம், நம் பொருளில் அவர்களுக்குரிய பங்கை ஜகாத் என்று கடமையாக்கியும் வைத்தது. அப்பங்கு உரியவரைச் சென்றடைந்ததா என்பதே, ஒரு நாட்டின் செல்வத்தைக் குறித்து நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.