உளவியற் கொள்கைகளும் தமிழ்க் கலைச்சொற்களும்: மூலமொழி நோக்கில் ஒரு மதிப்பீடு

உளவியலின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் தமிழில் விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வைப்புமுறையைக் கைக்கொள்கின்றன. 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் நிறுவியது முதல் அமைப்பியம், செயற்பாட்டியம், நடத்தையியம், முழுமைக் கோட்பாடு, உளப்பகுப்பாய்வு, அறிதல் உளவியல் எனக் கொள்கைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் முன்னதை மறுத்து எழுந்தது என்பர். எதை மறுத்தது என்பதுதான் தெளிவாவதில்லை. இவற்றுள் பல ஜெர்மனிலும் ரஷ்ய மொழியிலும் உருவானவை; நாம் பெற்றவையோ அவற்றின் ஆங்கிலப் பெயர்கள். இடையில் நேர்ந்த பொருள் திரிபைத் தமிழ்ச் சொற்கள் எந்த அளவிற்கு ஏற்றுள்ளன என்பதே இங்கு ஆராயப்படுவது.

வுண்ட், ஒருவர் தம் மனத்தைத் தாமே உற்று ஆராய்வதையும், ஆய்வுக் கட்டுப்பாட்டில் ஓர் அனுபவம் நிகழும்போதே அதனை உணர்ந்து தெரிவிப்பதையும் இருவேறு சொற்களால் பிரித்தார். முன்னதை அறிவியல் முறையாக அவர் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லுள் அடங்கின. அவரிடம் பயின்று 1892இல் கார்னெல் பல்கலைக்கழகம் சென்ற டிட்செனரின் முறையே வுண்டின் முறையாகக் கருதப்படலாயிற்று. நம் ‘அகநோக்கு’ அந்த ஒற்றைச் சொல்லின் பெயர்ப்பு. ஆகவே 1913இல் வாட்சன் அகநோக்கைச் சாடினார் என்று படிக்கும் மாணவர், வுண்ட் ஐயுற்ற ஒன்றையே வுண்டின் கொள்கையாகக் கொள்ள நேர்கிறது.

பாவ்லோவின் சொல் இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ரஷ்ய மொழியில் அவர் கையாண்ட அடைமொழி, ‘நிபந்தனை’ எனப் பொருள்படும் பெயர்ச்சொல்லின் அடியாகப் பிறந்தது. குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே நிகழும் அனிச்சைச் செயல் என்பது கருத்து. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு வடிவம் பெற்றது. பயிற்சியால் ஒரு நிலைக்கு ஆளாக்கப்பட்டது என்னும் பொருள் மேலோங்கியது. அவ்வடிவத்திலிருந்து வினையும் தொழிற்பெயரும் கிளைத்தன. விலங்கின் செயல் எதனைச் சார்ந்தது என்று கூறிய சொல், விலங்கிற்கும் மனிதனுக்கும் பிறர் செய்யத்தக்க ஒன்றைக் கூறும் சொல்லாயிற்று. நடத்தையியத்திற்கு வேண்டியிருந்தது இரண்டாவதே.

தமிழில் ‘ஆக்கநிலையுறுத்தம்’ என்றும் ‘நிபந்தனைப்படுத்தல்’ என்றும் இரு வழக்குகள் உள்ளன. முன்னது ஆங்கிலத்தின் ‘நிலை’ப் பொருளைப் பின்பற்றியது. பின்னது நேர்ச்சொற்பெயர்ப்புப் போலத் தோன்றினும், ‘நிபந்தனை’ என்னும் பகுதியளவில் ரஷ்ய மூலத்தை நெருங்கி நிற்கிறது. பாவ்லோவைக் கூறுமிடத்து ‘நிபந்தனை’யும், வாட்சன், ஸ்கின்னர் ஆகியோரைக் கூறுமிடத்து ‘ஆக்கநிலை’யும் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு கருத்திற்கு ஒரு சொல் என்னும் தரப்படுத்தல் நெறி இங்கு உதவாது. கருத்தே வழியில் மாறியிருக்கிறது. ஸ்கின்னரின் மொழி பற்றிய 1957ஆம் ஆண்டு நூலைச் சாம்ஸ்கி 1959இல் மதிப்பிட்டபோது எழுப்பிய தடையும் இதனோடு தொடர்புடையதே: தூண்டல், துலங்கல், வலுவூட்டல் ஆகியவை ஆய்வுக்கூடத்தைத் தாண்டியதும் வரையறையை இழந்து வெறும் உருவகங்களாகின்றன என்றார் அவர்.

‘நடத்தை’ என்ற சொல்லும் சிக்கலற்றதன்று. நன்னடத்தைச் சான்றிதழ் வழங்கும் நாட்டில், சுரப்பி சுரப்பதும் தசை துடிப்பதும் நடத்தை என்றால் வாசகர் திகைக்கவே செய்வார். ‘முழுமைக் கோட்பாடு’ என்பதோ ஜெர்மன் சொல்லின் ‘வடிவம்’ என்னும் பொருளைக் கைவிட்டுவிட்டது. முழுமை பகுதிகளின் கூட்டுத்தொகையினும் பெரிது என்று நம் நூல்களில் காணும் வாய்பாட்டிற்கு இச்சொல்லும் துணைபோகிறது. பெரிது என்பதைவிட வேறானது என்பதே பொருத்தம் எனக் கொஃப்கா 1935இல் திருத்தியிருக்கிறார்.

ஃபிராய்டு 1923இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் உள்ளவை ‘நான்’, ‘அது’ என்னும் அன்றாட ஜெர்மன் சொற்கள். ஆங்கிலத்தில் இவற்றிற்கு இலத்தீன் சொற்கள் இடப்பட்டன. புரூனோ பெத்தல்ஹைம் 1980களின் தொடக்கத்தில் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் தமிழில் எளிய சொல்லுக்குத் திரும்பினால் குறை தீர்ந்துவிடும் என்பதற்கில்லை. ‘நான்’ நம் சமய மரபில் ஒழிக்கப்பட வேண்டிய செருக்கு; ‘அது’ வேதாந்தத்தில் பரம்பொருள். ஃபிராய்டின் ‘அது’ அதற்கு நேர்மாறானது. ‘ஈகோ’ என்று எழுதினாலோ, பேச்சுவழக்கில் அது வீம்பு என்றாகிவிட்டது. முன்னுரையில் ஒருமுறை விளக்கிவிட்டு ‘நான்’, ‘அது’ என்பவற்றையே ஆளுதல் தக்கது. சமயப் பொருளோடு நேரும் மோதலை வாசகர் காணட்டும்.

மாறாக, ‘நனவிலி’ நற்பேறாக அமைந்த சொல். ஜெர்மன் மூலத்தைப் போலவே அது எதிர்மறையால் ஆனது. ‘அடிமனம்’, ‘ஆழ்மனம்’ என்பவை இடத்தைச் சுட்டுவன. மனத்திற்குக் கீழ் மற்றொன்று இருப்பதாகப் பொருள்தரும் சொல்லை, அது இடத்தைக் குறிக்கிறதா தன்மையைக் குறிக்கிறதா என்பது விளங்கவில்லை என்று கூறி ஃபிராய்டே 1926இல் ஒதுக்கினார்.

ஸ்ட்ரேச்சி 1953 முதல் 1974 வரை 24 தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த ஆங்கிலப் பதிப்பு ‘உந்துதல்’ எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லை விலங்குகளின் பிறவிக்குணத்தைக் குறிக்கும் சொல்லால் பெயர்த்தது. மார்க் சோம்ஸ் திருத்தி 2024இல் வெளிவந்த பதிப்பு இதனை மாற்றியிருக்கிறது. தமிழில் நாம் வழங்கும் ‘இயல்பூக்கம்’ பழைய பதிப்பின் வழிவந்தது. அதன் பிற்பகுதியில் மூலத்தின் உந்துபொருள் ஓரளவு தங்கியுள்ளது. இடர் ‘இயல்பு’ என்னும் முற்பகுதியில்தான். இனி ஃபிராய்டைப் பெயர்ப்போர் ‘இயல்பூக்கம்’ என்பதை விலங்கியலுக்கு விட்டுவிட்டு, இவ்விடத்தில் ‘உந்துதல்’ என்றே எழுதலாம்.